கபிதோலினாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

கபிதோலினாவுக்கு நல்ல குரல். அதைத் தவிரத் தனக்குப் பெரிதாக எதுவும் வாய்க்கவில்லை என்று அவளே சொல்வாள். வியாத்கா பக்கம் மரம் அறுக்கும் ஊர் ஒன்றில் பிறந்தவள். அப்பா மரக்கட்டைச் சரிவில் மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அம்மா நெஞ்சு நோயில் போனபோது இவளுக்குப் பதினேழு வயது, தங்கை ரிம்மாவுக்கு ஆறு.

சின்னதை அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடு என்று ஊரே சொன்னது. கபிதோலினா ரயில் நிலையத்துக்குப் போய், வண்டி வருவதையும் போவதையும் மைக்கில் அறிவிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பனிக்காலத்தில் அந்த அறையில்தான் கணப்பு நன்றாக எரியும். ரிம்மா மேஜைக்கு அடியில் பழைய கோட்டுகளை விரித்துத் தூங்குவாள்.

ஒரு வேளாண் அதிகாரி கபிதோலினாவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். நல்லவன்தான். "நீ மட்டும் வா" என்றான். அவள் போகவில்லை. அதற்காக அவள் பிறகு அழுததாகவும் தெரியவில்லை.

அந்தக் குரல்தான் அவளை மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தது. முதலில் தொலைபேசி இணைப்பகம். பிறகு, நகரத்துக்கு வடக்கே, விண்கலங்களைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு மையத்தில் வேலை. சுற்றுப்பாதையில் நிலையம் ஒன்று ஆட்களோடு சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. மேலே இருப்பவர்கள் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் கிடப்பார்கள். அவர்களுடைய குடும்பத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்து வந்து, சின்ன அறை ஒன்றில் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்துப் பேசவிடுவார்கள். கம்பளம், பூச்சாடி, ஒரு திரை, ஒரு மைக். நிலையம் தலைக்கு மேல் கடக்கிற நேரம் மட்டும்தான் பேச்சு. ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். மனைவிமார் அழத் தொடங்கினால் தேற்றுவது, பிள்ளைகள் மைக்கைப் பிடுங்கினால் தடுப்பது, நேரம் முடியப்போகிறது என்று விரலைக் காட்டுவது, இடையில் இணைப்பு தடுமாறினால் தானே பேசிச் சமாளிப்பது, இதெல்லாம் கபிதோலினாவின் வேலை. மேலே இருந்தவர்கள் எல்லோருக்கும் அவள் குரல் பழக்கம்.

ரிம்மா வளர்ந்து, அந்த வட்டாரத்திலேயே பொறியாளராக இருந்த ரோடியோனைக் கட்டிக்கொண்டாள். நெட்டையன், எதற்கெடுத்தாலும் வேடிக்கை பேசுகிறவன். விண்வெளிக்குப் பறக்கத் தேர்வாகிப் பதினொரு வருடம் காத்திருந்தவன். அதில் மூன்று தடவை மாற்று ஆளாகவே ஏவுதளம் வரை போய், கையசைத்து மற்றவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பியவன்.

"இவன் ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையா நிக்கற யோகம் மட்டும் வராது" என்று ரிம்மா கேலி செய்வாள்.

"உனக்கு மாப்பிள்ளை ஆனதே போதும்னு விட்டுட்டாங்க போல" என்பான் அவன்.

அந்த வருடம் பிப்ரவரியில் அவனுடைய முறை வந்தது. கிளம்பும் முன் மருத்துவர் வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் மேலே இருக்கும்போது வீட்டில் ஏதாவது கெட்டது நடந்தால் சொல்லலாமா? ரோடியோன் சிரித்துக்கொண்டே, "நல்லதை மட்டும் சொல்லுங்க டாக்டர், கெட்டதைக் கீழ வந்து பாத்துக்கறேன்" என்றான். அவன் சொன்ன ஆயிரம் வேடிக்கைகளில் அதுவும் ஒன்று.

ஏவுதல் நன்றாக நடந்தது. இரண்டாம் நாள் கலம் நிலையத்தோடு இணைந்தது. கமாண்டர் சவேலியும் ரோடியோனும் மிதந்துகொண்டே உள்ளே நுழைந்ததைத் திரையில் பார்த்து, ரோடியோன், ரிம்மாவின் ஒன்பது வயது மகள் தாஸ்யா, "அப்பாவோட சாக்ஸ்ல ஓட்டை!" என்று கத்தினாள். அறையே சிரித்தது. அப்போதைக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

ஏப்ரலில் ரிம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பனி உருகிய சேற்றில் நடந்து வந்தவள், படியேற முடியாமல் பாதியில் உட்கார்ந்தாள். மாஸ்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். நோயாளியிடம் குடல்புண் என்று சொல்லிவிட்டு, மருத்துவர் அக்காவை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்தார். கணையத்தில் வந்திருக்கிறது, பரவிவிட்டது, இலையுதிர்காலத்தைப் பார்ப்பது கஷ்டம் என்றார். கபிதோலினா தலையாட்டினாள். கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"குடல்புண்தானாம். கஞ்சி குடிச்சா சரியாயிடுமாம்" என்றாள்.

ரிம்மா அவளையே பார்த்தாள். "அக்கா, நீ பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும். சின்ன வயசுலேயே கண்டுபிடிச்சு வச்சிருக்கேன். எவ்வளவு நாள் சொல்றாங்க?"

கபிதோலினா அவள் காலைப் போர்வையால் மூடினாள். ரிம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில்தான் பேசினாள்.

"ரோத்யாவுக்குத் தெரியக் கூடாது."

"அதெப்படி? அவர் உன் புருஷன்."

"தெரிஞ்சா எறங்கி வந்துருவான். தனியா வர முடியாது, அந்த சவேலியையும் இழுத்துக்கிட்டுத்தான் வரணும். பதினோரு வருஷம் காத்திருந்தான் அக்கா. வந்து என்ன பண்ணுவான்? இந்தக் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து என்னையே பாப்பான். செப்டம்பர்ல அவனே வருவான். நான் செப்டம்பர் வரைக்கும் தாக்குப்பிடிப்பேன். அப்போ நானே சொல்லிக்கறேன்."

"தாங்குவியா?"

"நீ கூட இருந்தா தாங்குவேன். சத்தியம் பண்ணு."

கபிதோலினா சத்தியம் செய்தாள். மையத்திலும் இதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. பணிமுறைத் தலைவர் லேவ் ஒசிப்போவிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவனும் அப்படித்தானே சொல்லிவிட்டுப் போனான், கெட்டதைக் கீழே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று, என்றார் மையத்து மருத்துவர். ஆக எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றும் ஒரு நாடகம். கபிதோலினா காலையிலேயே தங்கை வீட்டுக்குப் போவாள். கன்னத்துக்குச் சாயம் பூசுவாள். சட்டைக்கு உள்ளே இரண்டு கம்பளிச் சட்டைகளைப் போட்டுவிடுவாள், தோள் எலும்பு தெரியாமலிருக்க. மே மாத வெயிலில் அத்தனையையும் போட்டுக்கொண்டு ரிம்மா வியர்த்தபடி காரில் சாய்ந்து வருவாள். திரையில் புருஷன் முகம் தெரிந்ததும் எங்கிருந்துதான் தெம்பு வருமோ, நிமிர்ந்து உட்காருவாள்.

ஒரு தடவை ரோடியோன் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பூசணிக்காய் மாதிரி ஆயிட்ட? நான் இல்லாத நிம்மதியா?" என்றான்.

ரிம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஆமா, உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிடறேன்ல."

திரை அணைந்ததும் நாற்காலியிலேயே சரிந்தாள். கபிதோலினாவும் ஓட்டுநரும் தூக்கித்தான் கொண்டுபோனார்கள். ஆனால் காரில் போகும்போது, "குண்டாயிட்டேன்னு சொன்னான் பாத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பரிசு வாங்கிய குழந்தை மாதிரி இருந்தது அவள் முகம்.

ஜூன் கடைசியில் உட்காரவே முடியாமல் போனது. ஆகஸ்ட்டில் ரோடியோனுக்குப் பிறந்த நாள். "ஒருவேளை அன்னைக்கு எனக்குக் குரல் எழும்பலைன்னா?" என்று சொல்லி, வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்து ஒரு வாழ்த்தைப் பதிவு செய்தாள். நடுவில் மூச்சு வாங்கிய இடங்களை மையத்தில் ஒரு பையன் நுணுக்கமாக வெட்டி எடுத்துக் கொடுத்தான். ரோடியோனிடம், ரிம்மா கோடைக்குத் தோழியின் டாச்சாவுக்குப் போயிருக்கிறாள், தோட்டத்து வீடு, அங்கே தொலைபேசி கிடையாது என்று கபிதோலினா சொன்னாள். அவன் நம்பினான். நம்பாமலிருக்க அவனுக்குக் காரணம் இல்லை. அண்ணி பொய் சொல்லி அவன் கேட்டதில்லை. அவள் காதுகளும் மைக்கில் தெரியாது.

ஜூலை நடுவில், ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே லிண்டன் மரங்கள் பூத்திருந்தன. அந்த வாசம் அறைக்குள் நிறைந்து கிடந்தது. ரிம்மா அன்று மதியம் கண் திறந்து, தெளிவாகச் சொன்னாள்.

"அக்கா, ரோத்யாவைக் கூப்பிடு."

கபிதோலினாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "என்னம்மா?"

"கூப்பிடு. நான் அப்போ தெரியாம சொல்லிட்டேன். எனக்கு அவனைப் பாக்கணும். செப்டம்பர் ரொம்பத் தூரத்துல இருக்கு."

கபிதோலினா மின்சார ரயிலில் நின்றுகொண்டே மையத்துக்குப் போனாள். லேவ் ஒசிப்போவிச்சின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"அவரை இறக்குங்க."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "உட்காரு காபா."

"உட்கார வரல. அவ கேக்கறா."

"இறக்கணும்னா ரெண்டு பேரும் இறங்கணும். நிலையத்தை மூடணும், கலத்தைத் தயார் பண்ணணும், இறங்குற இடத்துக்கு ஆளையும் ஹெலிகாப்டரையும் அனுப்பணும். நான் இன்னைக்கே மேல பேசி, அவங்க இன்னைக்கே சரின்னு சொன்னாக்கூட ஒரு வாரம் ஆகும். டாக்டர் என்ன சொல்றாரு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு."

"ரெண்டு நாள். மூணு நாள்."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்போ அவன் எதுக்கு இறங்குவான், சொல்லு. அவ மூச்சு இருக்கறப்போ வந்து சேர மாட்டான். வழி முழுக்க அது தெரிஞ்சேதான் வருவான். கலத்தை இறக்கறதுல பாதி வேலை அவனோடது. கை நடுங்குச்சுன்னா கூட இருக்கறவனும் போயிடுவான்."

"பேசவாவது விடுங்க. குரலையாவது கேக்கட்டும்."

"ஆஸ்பத்திரிக்கு இணைப்பு கிடையாதே காபா. அவளை இங்க தூக்கிட்டு வர முடியுமா?"

முடியாது. அவளுக்கே தெரியும். அந்த மனுஷர்மேல் அவளுக்குக் கோபமும் வரவில்லை. வந்திருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டிருக்கலாம். அவர் கண்ணிலும் தண்ணீர்தான் நின்றது.

திரும்பி வந்தபோது ரிம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியாச்சு" என்றாள் கபிதோலினா. "மாப்பிள்ளை கிளம்பிட்டாரு."

"நெசமாவா?"

"நெசமா."

அன்று ரிம்மா அவள் காதைப் பார்க்கவில்லை. "எங்க இறங்குவான்?"

"எப்பவும் போல ஸ்டெப்பிப் புல்வெளியிலதான்."

"அங்க காத்தடிக்குதா? காத்துல பாராசூட் இழுத்துக்கிட்டுப் போகும்னு சொல்லுவான்."

"காத்தே இல்லையாம். நல்ல வெயிலாம்."

ரிம்மா நிம்மதியாக மூச்சுவிட்டாள். "தலையை வாரிவிடு அக்கா. இப்படியே கிடந்தா பயந்துடுவான்."

கபிதோலினா வாரினாள். சீப்போடு முடி கொத்துக் கொத்தாக வந்தது. வந்ததை ஓசையில்லாமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, மிச்சத்தை ஒதுக்கி ரிப்பன் கட்டினாள். அதன் பிறகு தாழ்வாரத்தில் எந்தக் காலடிச் சத்தம் கேட்டாலும் ரிம்மா கண்ணைத் திறப்பாள். மருந்து வண்டியாக இருக்கும், துடைப்பக்காரியாக இருக்கும். "இன்னும் வரலையா?" "வழியில இருக்காரும்மா." "விமானம் ஏறிட்டானா?" "ஏறிட்டாரு." அப்படியே இன்னொரு நாளும் போனது. அதற்கு அடுத்த நாள் மதியம், வாசலைப் பார்த்தபடியே அவள் உயிர் பிரிந்தது.

தாஸ்யாவுக்குக் கபிதோலினாதான் சொன்னாள். அந்தப் பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்பது.

"தெரியாது."

"சொல்லப் போறதில்லையா?"

"அப்பா பத்திரமா இறங்கினப்புறம் பெரியம்மா சொல்லுவேன்."

தாஸ்யா தலையாட்டினாள்.

அடக்கம் முடிந்த வாரத்திலேயே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. வேறு யாரையாவது பேசச் சொல்லலாம் என்றார் லேவ் ஒசிப்போவிச். கபிதோலினா மறுத்துவிட்டாள். "என் குரல் இல்லைன்னா அவருக்குச் சந்தேகம் வந்துடும்." கறுப்புத் துணியைத் தலையிலிருந்து அவிழ்த்துக் கைப்பையில் வைத்துவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். மழை நல்ல மழை, வெள்ளரி நன்றாகக் காய்த்திருக்கிறது, தாஸ்யா நீச்சல் பழகுகிறாள் என்றெல்லாம் பேசினாள். குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. இணைப்பு முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட்டில் பிறந்த நாள் வந்தது. மேலே இருவரும் சுவரில் காகிதக் கொடி ஒட்டியிருந்தார்கள். டேப்பைப் போட்டார்கள். ரிம்மாவின் குரல் அறையில் ஒலித்தது. "ரோத்யா! நாப்பத்தொண்ணு ஆயிடுச்சு கிழவா. அங்க உனக்கு எடையே இல்லையாமே, இங்க வந்தா நான் வச்சிருக்கற வேலையெல்லாம் கனக்கும், இப்பவே அனுபவிச்சுக்க. பால்கனிக் கதவு இன்னும் சாத்த வரல..."

ரோடியோன் வாய்விட்டுச் சிரித்தான். மிதந்தபடியே கையைத் தட்டினான். "வந்ததும் முதல் வேலை அந்தக் கதவுதான்னு அவகிட்ட சொல்லுங்க அண்ணி!" மையத்தில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் எழுந்து வெளியே போனாள்.

"தாஸ்யா! அம்மா ஏன் நேர்ல வரல? டேப்போட ஏமாத்தறாளா?"

கபிதோலினா மைக்கை நோக்கிக் குனிந்தாள். அதற்குள் தாஸ்யா பேசிவிட்டாள்.

"அம்மா டாச்சாவுல செர்ரி ஜாம் காய்ச்சறாங்கப்பா. கொண்டை ஊசியால கொட்டையெல்லாம் எடுத்தாங்க. கையெல்லாம் செவப்பு. பாதியில விட்டுட்டு வந்தா அடிப்பிடிச்சிடும்ல, அதான் வரல."

"எனக்கு ஒரு பாட்டில் எடுத்து வை."

"சரிப்பா."

அந்தப் பொய்யைக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திரை அணைந்தபின் கபிதோலினா அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். தாஸ்யா மெல்ல விலகி, "நான் சரியாச் சொன்னேனா பெரியம்மா?" என்று கேட்டாள். அழவில்லை. அன்றுதான் கபிதோலினாவுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. தான் கட்டிய பொய்க்குள் இந்தக் குழந்தையும் குடிபுகுந்துவிட்டது என்று தோன்றியது.

செப்டம்பரில் இறங்கினார்கள். வழக்கமாக வீட்டு ஆட்களை ஸ்டெப்பிக்கு அழைத்துப் போகமாட்டார்கள். கபிதோலினா ஒற்றைக்காலில் நின்றாள். "பொய்யெல்லாம் நான்தான் சொன்னேன். உண்மையையும் நானே சொல்லிடறேன்." மருத்துவக் குழுவோடு விமானத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

வானத்தில் ஆரஞ்சு வெள்ளைப் பாராசூட் விரிந்ததை ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தாள். அன்று காற்று இருந்தது. கலம் தரையில் மோதிப் புழுதியைக் கிளப்பிப் பக்கவாட்டில் உருண்டு நின்றது. கருகிய இரும்பு நாற்றமும், நசுங்கிய காட்டுப்புல்லின் கசந்த வாசமும் சேர்ந்து அடித்தன. கசாக் இடையன் ஒருவன் குதிரைமேல் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சவேலியைத்தான் முதலில் இழுத்து வெளியே எடுத்தார்கள், பிறகு ரோடியோனை. நாற்காலியில் உட்கார வைத்துக் கம்பளி போர்த்தினார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. யாரோ ஆப்பிள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதன் கனம் தாங்காமல் கை மடியில் விழுந்தது. அவன் சிரித்தான்.

மருத்துவக் கூடாரத்துக்குள் படுக்க வைத்ததும் கபிதோலினாவைப் பார்த்துவிட்டான்.

"அண்ணி! நீங்க எங்க இங்க? ரிம்மாவும் வந்திருக்காளா? வெளிய நிக்கறாளா?"

இளம் மருத்துவர் ஒருத்தி நாடியைப் பிடித்தபடி கபிதோலினாவைப் பார்த்துத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. மூன்று நாள் போகட்டும் என்பது அவர்கள் திட்டம். கபிதோலினா கட்டிலருகே மண்டியிட்டாள்.

"தம்பி, ரிம்மா இல்ல."

"எங்க இல்ல?"

"எங்கயும் இல்ல."

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. உதடு மட்டும் அசைந்தது. "எப்போ?"

"ஜூலையில. வயித்துல கட்டி. ஏப்ரல்லயே தெரியும்."

"ஜூலையா?" அவன் புருவம் சுருங்கியது. "ஆகஸ்ட்டுல பேசினாளே. என் பிறந்த நாளுக்கு. கதவு சாத்த வரலன்னு சொன்னாளே."

"முன்னாடியே பதிஞ்சது. அவதான் பதியச் சொன்னா."

"தாஸ்யா செர்ரி ஜாம்னு சொல்லிச்சே. கொண்டை ஊசி..." அங்கே நிறுத்தினான். "குழந்தைக்குமா பொய் சொல்லக் கத்துக்கொடுத்தீங்க?"

நான் கற்றுக்கொடுக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் பழி தாஸ்யா தலையில் விழும்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவ சத்தியம் வாங்கினா. நீங்க பதினோரு வருஷம் காத்திருந்தீங்கன்னு சொன்னா. செப்டம்பர் வரைக்கும் இருந்துடுவேன்னு நினைச்சா."

அதை அவனால் ஏற்றுக்கொள்ள முடிந்தது போலத்தான் இருந்தது. கண்ணை மூடினான். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கப் பார்த்தான், தூக்க வரவில்லை. கபிதோலினா கைக்குட்டையால் துடைத்தாள். துடைக்கவிட்டான். பிறகு கண்ணைத் திறக்காமலேயே கேட்டான்.

"கடைசியில... என்னைக் கேட்டாளா?"

மருத்துவப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு சொல் போதும், 'இல்லை' என்று. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று. அதைச் சொல்லியிருந்தால் இந்த மனிதன் தன் வாழ்நாள் முழுவதும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான். கபிதோலினாவுக்கும் அது தெரியும். ஆனால் சொல்லவேண்டிய நேரத்தில் அந்தப் பொய் அவள் வாயில் வரவில்லை.

"கேட்டா" என்றாள். "கூப்பிடச் சொன்னா. முடியாதுன்னு சொல்லிட்டாங்க, நாள் இல்லைன்னு. நீங்க கிளம்பிட்டீங்கன்னு நான் அவகிட்ட சொன்னேன். வழியில இருக்கீங்கன்னு. அதை நம்பித்தான் காத்திருந்தா."

ரோடியோன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கையைத்தான் அவனால் தூக்க முடியவில்லை. தலையைத் திருப்ப முடிந்தது. கைக்குட்டையிலிருந்து முகத்தை விலக்கி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். மோட்டார் அலறும் ஹெலிகாப்டரில் ஏற்றும்வரை அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வந்தபோது அந்த மருத்துவப் பெண் கேட்டாள். "ஏன் சொன்னீங்க? இவ்வளவு சொன்ன நீங்க, இன்னும் ஒண்ணு சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவளுக்கு ஒண்ணு சொன்னேன், அவருக்கு ஒண்ணு சொன்னேன்" என்றாள் கபிதோலினா. "எனக்குள்ள அது தீர்ந்துபோச்சும்மா." குதிரைக்காரன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்தபடி அவள் கைப்பையிலிருந்து கறுப்புத் துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள்.

ரோடியோன் உடம்பு தேறி வர மாதங்கள் ஆயின. பதக்கம் கொடுத்தார்கள். அதைச் சட்டையில் குத்திக்கொண்டு அவன் நின்ற படம் செய்தித்தாளில் வந்தது. அவன் கபிதோலினாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவள் நினைத்தாள். "தாஸ்யாவைப் பாத்துக்கிட்டதுக்கு நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா இருந்த சரத்தோவுக்குப் போய்விட்டான். மறுபடி பறக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டான். புறப்படும் நாளில் தாஸ்யா ரயில் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்தாள். கையசைக்கலாமா கூடாதா என்று தெரியாத பார்வை அது. பெற்ற பிள்ளை இல்லை கபிதோலினாவுக்கு. வளர்த்த இரண்டில் ஒன்று மண்ணுக்குள் போயிற்று, இன்னொன்று ரயிலேறிப் போயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் மைய வேலையை விட்டுவிட்டாள். பாலர் பள்ளி ஒன்றின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். சின்னச் சின்னப் போர்வைகளை வெளுத்து மடித்து வைக்கும் வேலை. அங்கே அவள் குரல் யாருக்கும் தேவைப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கல்லறைக்குப் போவாள். புத்தாண்டுக்குத் தாஸ்யாவிடமிருந்து வாழ்த்து அட்டை வரும். 'நலம், நன்றாகப் படிக்கிறேன்.' அப்பாவைப் பற்றி ஒரு வரி இருக்காது. நாடு மாறியது, கொடி மாறியது. மேலே சுற்றிய நிலையத்தைக் கடலில் இறக்கிவிட்டு வேறொன்றைக் கட்டத் தொடங்கினார்கள். கபிதோலினா அந்தச் செய்திகளைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளமாட்டாள்.

தாஸ்யா மருத்துவம் படித்து முடித்த வருடம் தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் அப்படியே ரிம்மா. கபிதோலினா பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, எனக்குக் கல்யாணம். நீங்க வரணும்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. பெரியம்மா, அந்த ஜாம் விஷயம். அது நானாத்தான் சொன்னேன்னு அப்பாகிட்ட போன வருஷம் சொல்லிட்டேன். நீங்க ஏன் அவர்கிட்ட சொல்லல?"

"நீ சின்னப் பொண்ணும்மா."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. அன்று மைக்கின் முன்னால் அழாத பிள்ளை. கபிதோலினா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அழு, அழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சரத்தோவுக்கு ரயிலேறிப் போனாள். ஊர் வழக்கப்படி, பதிவு முடித்து வரும் புதுத் தம்பதியை வீட்டு வாசலில் ரொட்டியும் உப்பும் வைத்துப் பெரியவர்கள் வரவேற்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ரொட்டியோடு ஒரு பக்கம் நின்றார்கள். பெண் வீட்டுப் பக்கம், அம்மா நிற்கவேண்டிய இடத்தில் பெரியம்மாதான் நிற்கவேண்டும் என்று தாஸ்யா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ரோடியோன் வந்து பக்கத்தில் நின்றான். முடி முழுக்க நரைத்திருந்தது. முதுகு கூனியிருந்தது. பூத்தையல் துண்டு விரித்த பெரிய தட்டை இருவருமாகப் பிடித்தார்கள். ரொட்டி கனமாக இருந்தது. கபிதோலினாவின் பக்கம் அது மெல்லத் தாழ்ந்தது. கார் வந்து நின்றது. தாஸ்யா வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"தட்டு சாயுது அண்ணி" என்றான் ரோடியோன், அவளைப் பார்க்காமல். "நேராப் பிடிங்க."

அவள் நேராகப் பிடித்தாள். தாஸ்யா குனிந்து ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து உப்பில் தொட்டுக்கொண்டாள். விருந்து முடியும்வரை ரோடியோன் கபிதோலினாவிடம் வேறெதுவும் பேசவில்லை. அவளும் போய்ப் பேச முயலவில்லை. மறுநாள் காலை ரயிலில் ஊர் திரும்பினாள். அவள் உயிரோடு இருந்த வரை அவளும் ரோடியோனும் மறுபடி சந்திக்கவில்லை.